அறுபத்தொரு முளையும் என் கையெழுத்தும்

விதைக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் 'தொழிலில் நேர்மை' என்ற தலைப்பில் நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பைப் பார்த்ததும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று உங்கள் கையில் ஒரு விதிமுறைப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேசை இழுப்பறையில் வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதனால் திட்டமாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியே லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்கும்போது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் புத்தகம் இழுப்பறையில்தான் இருக்கும். மேசைக்கு முன்னால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். உங்கள் ஆசை, உங்கள் பயம், யாரிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கிறீர்கள் என்பது எல்லாம் சேர்ந்துதான் பேனாவைப் பிடிக்கும்.

முப்பத்தொரு வருடம் கடலூரில் இதே கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். அதில் ஒரே ஒரு வியாழக்கிழமையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, இன்னும் அந்த நாளைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. இதையும் பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். கோபக்காரன். அதைவிட முக்கியம், பரம யோக்கியன் என்று பெயர் வாங்கியவன். ஒருமுறை பண்ருட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், எங்களுக்கு விதை நெல் விளைவித்துத் தருபவர், தான் கொடுத்த நெல் சோதனையில் தேறவேண்டும் என்று ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து சோதனைக்கூட வாசலில் இறக்கினார். பழமா அது! இரண்டு ஆள் தூக்கவேண்டும், வாசனை கோடவுன் வரைக்கும் போகிறது. லேபில் இருந்த ஐந்து பேரும் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பழத்தைக் கயிறு போட்டுக் கட்டி, ஆட்டோ பிடித்து, பண்ருட்டி பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் அவர் நம்பரைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் லேபில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை! கல்யாண வீடுகளில்கூட அந்தக் கதையை நானே எடுத்துவிடுவேன்.

அந்தப் பெருமைதான் பிற்பாடு என் காலை வாரியது. 'நான் நேர்மையானவன், ஆகவே நான் செய்வதெல்லாம் நேர்மையாகத்தான் இருக்கும்' என்று ஒருவன் நம்ப ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அவனை அவனே சோதித்துப் பார்ப்பது நின்றுவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசு சான்று கொடுத்து விற்கும் விதை ஒரு வகை. இன்னொரு வகையில், கம்பெனியே சோதித்து, கம்பெனியே பச்சைச் சீட்டு கட்டி, 'நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் முளைக்கும்' என்று தானே வாக்குக் கொடுத்து விற்கும். எங்களுடையது இந்த இரண்டாவது வகை. அந்தச் சீட்டு கட்டலாமா கூடாதா என்று முடிவு செய்யும் தாளில் என் கையெழுத்துதான் இருக்கும்.

அந்த வருடம் நீண்ட நாள் சம்பா ரகம் ஒன்று, எண்பத்து நாலு மூட்டை, ஒரே குவியலாக, நாங்கள் சொல்வதுபோல் ஒரே லாட்டாக, கோடவுனில் இருந்தது. தை மாதம் அறுத்தது. பங்குனியில் சோதித்தபோது நூறு விதைக்கு ஐம்பத்தெட்டுதான் முளைத்தது. பயப்பட ஒன்றுமில்லை. புதிதாக அறுத்த சில நெல் ரகங்கள் கொஞ்ச காலம் உறக்கத்தில் இருக்கும், உயிர் இருக்கும், முளைக்காது. அதை எழுப்பச் சில முறைகள் உண்டு. எழுப்பிப் பார்த்தோம், தொண்ணூறு முளைத்தது. எல்லாம் சரி.

ஆவணி பிறந்தது. வீராணத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, வாய்க்காலில் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரே பரபரப்பு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விதை வேண்டும். அனுப்புவதற்கு முன் மறுபடி ஒரு சோதனை போட்டோம். ஈரத்தாளில் விதையைச் சுருட்டி வைத்து, ஐந்தாம் நாள் ஒருமுறை எண்ணவேண்டும், பதினாலாம் நாள் கடைசியாக எண்ணவேண்டும். ஐந்தாம் நாள் எண்ணிக்கை, அறுபத்தொன்று.

அந்த நேரம் பார்த்து எங்கள் விற்பனை மேலாளர் லேபுக்குள் வந்தான். 'வந்தார்' என்று எழுதவேண்டும், ஆனால் அவன் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன், புவனகிரிக்காரன். சிதம்பரம் கிளையில் அவனுக்கு மேசை, ஆனால் சீசனில் கடலூரிலேயே சுற்றிக்கொண்டிருப்பான்.

"மச்சான், இன்னாடா இன்னும் பேப்பர வச்சிகிட்டு மோட்டுவளையப் பாக்கிற? வண்டி நிக்குது. காட்டுமன்னார்கோயில் கடைக்காரரு காலையில இருந்து ஏழு தபா போன் பண்ணிட்டாரு."

"அறுபத்தொன்னுதாண்டா வந்திருக்கு."

"பங்குனியில எவ்ளோ வந்துச்சு?"

"அம்பத்தெட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் தொண்ணூறு."

"அப்ப இதுவும் தூங்குதுடா! இந்த ரகத்துக்குத் தூக்கம் ஜாஸ்தின்னு நீதான வருஷா வருஷம் ட்ரெயினிங்ல சொல்ற? போடுறா கையெழுத்த."

அவன் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. லஞ்சம் என்று ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் சட்டையைப் பிடித்திருப்பேன், பலாப்பழக்காரன் அல்லவா நான்! அவன் எனக்குப் பிடித்த ஒரு காரணத்தை என் வாயிலிருந்தே எடுத்து எனக்கே கொடுத்தான். வெளியே வண்டி நின்றது. சீசனில் வேலையைத் தடுக்கிற ஆள் என்று பெயர் எடுக்க எனக்கு மனமில்லை. 'விதை உறக்கம், இறுதி எண்ணிக்கையில் தேறும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்பத்து நாலு மூட்டையும் பச்சைச் சீட்டோடு போய்விட்டன. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து நாள் கழித்து வந்தது அந்த வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். லேபில் வேலை செய்த ஒரு பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். முதுநகரிலிருந்து சைக்கிளில் வருவாள். அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம், அதுவும் ஒப்பந்த வேலைதான், வருடா வருடம் நான் எழுதிக்கொடுத்தால்தான் நீடிக்கும். பெயர் சொல்லமாட்டேன். உங்களில் சிலர் இன்றைக்கு அவளிடம்தான் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அது போதும்.

கையில் அந்த ஈரத்தாள் சுருள்கள்.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க."

"பதினாலாம் நாள்தானேம்மா எண்ணணும்? இன்னிக்குப் பத்துதான ஆவுது?"

"எண்ணல சார். முளைக்காததெல்லாம் அழுத்திப் பாத்தேன்."

சுருளை என் மேசைமேல் விரித்தாள். முளைக்காமல் கிடந்த ஒரு விதையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். வெள்ளையாகக் கூழ் வந்தது. இன்னொன்று, அதிலும் கூழ்தான். உறங்குகிற விதை விரலுக்குக் கல்லாகக் கெட்டியாக இருக்கும். செத்த விதைதான் இப்படி நசுங்கும். இது லேபில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம். நானே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

எனக்கு வந்ததே கோபம். "ஒன் வேலை எண்ணிக்கை எழுதறது. அதோட நிறுத்திக்க. யாரு அழுத்திப் பாக்கச் சொன்னது?" என்று கத்தினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் நகரவில்லை. கண் கலங்கிவிட்டது, ஆனால் நகரவில்லை.

"இதுவும் என் வேலைதான் சார். தையில அறுத்த நெல்லு ஆவணி வரைக்குமா சார் தூங்கும்?"

அவ்வளவுதான். விரலை மடக்கி மாதங்களை எண்ணினேன். ஏழு மாதமாயிற்று. எந்த ரகம் அவ்வளவு நாள் உறங்கும்? பங்குனியில் உண்மையாக இருந்த காரணத்தை ஆவணிக்கு எடுத்துக்கொண்டு வந்து ஒட்டிவிட்டேன். வேறு எவனாவது அப்படி எழுதியிருந்தால் தாளைக் கிழித்து முகத்தில் எறிந்திருப்பேன். கோடைமழையில் கோடவுன் மூலையில் ஒழுகியதும் அந்தக் குவியல் அந்த மூலையில்தான் இருந்தது என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெரியாமல் செய்யவில்லை, பிள்ளைகளே. தெரிந்ததை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்தேன்.

காட்டுமன்னார்கோயில் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "விதைய ஊறவச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல சார். நாளைக்குத்தான். வளர்பிறை வெள்ளிக்கிழம, காலையில எல்லாரும் ஒண்ணா ஊறப்போடுறாங்க. ஏன் சார்?"

நெல் விவசாயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருநாள் ஊறவைத்து, ஒருநாள் ஈரச்சாக்கில் மூடி முளை கட்டி, நாற்றங்காலில் தெளிப்பார்கள். நூற்றுக்கு நாற்பது செத்த விதையில் நாற்று சொட்டை சொட்டையாகத்தான் வரும், அது கண்ணுக்குத் தெரிவதற்குள் நாலைந்து நாள் போய்விடும். அதற்குள் தண்ணீர் முறை போய்விடும், வேறு விதை சந்தையில் இருக்காது. சீசனே போய்விடும். நாளைக் காலைக்குள் எண்பத்து நாலு மூட்டையும் திரும்பி வந்தாகவேண்டும். என் கையில் ஒரே ஒரு பகல் இருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். ஒரு கல்யாணத்தில் இருந்தார், நாதஸ்வரம் காதைக் கிழித்தது. முழுவதும் சொன்னேன்.

"கையெழுத்து யாருது?"

"என்னுதுங்க."

கூட்டத்தை விட்டு ஒதுங்கி வந்தார் போல, நாதஸ்வரம் தணிந்தது. "சரி, திருப்பி எடுத்துடு. நல்ல மூட்டையா மாத்திக் குடு. ஆனா வெத சரியில்லன்னு வாய வுட்டுடாத. சாக்கு மாறிப்பூடுச்சுன்னு சொல்லு. கம்பெனி பேரு இருக்குல்ல."

அவர் கெட்டவர் இல்லை. மூட்டையைத் திருப்பி எடு என்று ஒரு வினாடியும் தயங்காமல் சொன்னாரே! எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விதை திரும்பி வந்தால் போதாதா, காரணம் எதுவானால் என்ன? சொல்லப்போனால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. என் பெயர் தப்பிவிடும் அல்லவா.

அடுத்து புவனகிரிக்காரனுக்கு. "டேய், அந்த லாட் செத்த வெதடா. சிதம்பரம் கோடவுன்ல இருக்கிற அதே ரகம், நம்ம லேபுல தேறுன நல்ல லாட்ட எடுத்துகிட்டுக் காட்டுமன்னார்கோயில் வா."

"அது வேற ஊருக்குச் சொன்னதுடா மச்சான்! பதினாலாம் நாள் எண்ணிக்கை வரைக்கும் பொறுடா, எழுந்துக்கும்டா!"

"எழுந்துக்காதுடா! நசுக்கிப் பாத்தாச்சு!"

போனை வைத்துவிட்டான்.

முதுநகர்ப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு கம்பெனியின் குட்டி யானை வண்டியில் கிளம்பினேன். சிதம்பரம் தாண்டிக் காட்டுமன்னார்கோயில் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. கடைக்காரர் யார் யாருக்கு எத்தனை மூட்டை என்று ஒரு நோட்டில் வைத்திருந்தார். ஐம்பத்தைந்து குடும்பம். கடைசிப் பெயரில் விரல் வைத்தார்.

"இவுங்க தனக்கோடியம்மா. ஒரே ஒரு மூட்ட. வாய்க்கால் கடக்கோடியில ஒன்றரை ஏக்கர். இத்தன வருஷம் அடுத்தவங்க நெலத்துல நடவுக்குப் போயிட்டிருந்தவங்க, இந்த வருஷந்தான் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமா பண்றாங்க. வீட்டுக்காரரு இல்ல. மொத போகத்துலயே பயிரு ஏறலன்னா நெலத்துக்காரரு வேற ஆளுக்கு வுட்டுடுவாரு. போன் எடுக்கவே மாட்டாங்க சார்."

அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து எனக்கு மற்ற எண்பத்து மூன்று மூட்டையும் ஒரு பக்கம், அந்த ஒரு மூட்டை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

கடைக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டோம். 'சாக்கு மாறிவிட்டது. தயவுசெய்து மூட்டைகளைக் கடையில் திருப்பித் தரவும்.' காத்திருந்தோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். கட்டைவிரல் படம் நாலைந்து வந்தது. மூட்டை ஒன்றுகூட வரவில்லை!

ஒருவர் போன் செய்தார். "சாக்கு மாறிப்போச்சா? ரகம் மாறலயே?"

"ரகம் அதேதான்."

"நெல்லுதான உள்ள இருக்குது?"

"நெல்லுதான்."

"அப்புறம் இன்னா சார்? வெயில்ல மூட்டைய தூக்கிகிட்டு வரச் சொல்றீங்க. வுடுங்க, சாக்கயா வெதைக்கப் போறோம்?"

கடைக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. மணி இரண்டாகிவிட்டது. ஏழு மூட்டைதான் வந்திருக்கிறது, அதுவும் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்தது. முதுநகர்ப் பெண் வண்டியில் ஏறியதிலிருந்து வாயே திறக்காதவள், அப்போது சொன்னாள்: "சார், பொய் சொன்னதால யாருக்கும் பயமே வரல சார்."

அந்த நேரம் தெருவில் ஒரு ஆட்டோ போனது. ஆவணி பிறந்தும் ஆடித் தள்ளுபடியை விடாத ஒரு புடவைக் கடைக்காக மைக்கில் கத்திக்கொண்டே போனது. நான் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். டிரைவர் பதறிப் பிரேக் போட்டான். "எவ்ளோ வேணும்னாலும் தர்றேன் தம்பி, சாயங்காலம் வரைக்கும் இந்த மைக்க எனக்குக் குடு!"

மைக்கைக் கையில் வாங்கினேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கட்டிவைத்த பெயர். அந்த ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போயிற்று. சொல்லாவிட்டால் தனக்கோடி என்கிற, நான் முகம்கூடப் பார்க்காத ஒருத்தியின் நிலம் போயிற்று. வண்டி முதல் தெருமுனை திரும்பும்வரை என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள்!

"பச்சைச் சீட்டு சம்பா வெத வாங்கினவங்க எல்லாரும் கேளுங்க! அந்த வெத முளைக்காது! சாக்கு மாறலைங்க, அது பொய்யிங்க! வெதயே செத்த வெத! சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டவன் நாந்தான்! நாந்தான் தப்புப் பண்ணேன்! ஊறப்போட்டுடாதீங்க! மூட்டையக் கடைக்குக் கொண்டாங்க, நல்ல வெத வருது!"

அடேயப்பா! புற்றில் தண்ணீர் ஊற்றியதுபோல ஜனம் வெளியே வந்தது. சைக்கிளில், மொபெட்டில், தலையில், எப்படியெல்லாம் மூட்டை வந்தது தெரியுமா! ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "படிச்சவனாடா நீ? எங்க வயித்துலயாடா அடிப்ப?" என்றார். காலரை அவர் கையிலேயே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே விட்டுவிட்டு, பக்கத்து வாய்க்காலில் தன் அண்ணனுக்கும் சொல்லவேண்டும் என்று ஓடினார். அதுவரை கட்டைவிரல் படம் போட்டவர்கள் இப்போது ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மூட்டையை வாங்கிக்கொண்டேனே தவிர, திருப்பிக் கொடுக்க என் கையில் என்ன இருந்தது? 'நல்ல விதை வருகிறது' என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். புவனகிரிக்காரன் போனை எடுக்கவே இல்லை. கடை வாசலில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. மணி நாலு. "எங்கய்யா வெத?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாலேகாலுக்குச் சிதம்பரம் ரோட்டில் ஒரு லாரி வந்தது. முன்சீட்டில், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, என் மச்சான்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறங்கியதும் என்னிடம் வந்து, காதோரம் சொன்னான்: "ஒன்னக் கொல்லணும்டா. மைக்குல கத்துனத எவனோ வீடியோ எடுத்துப் போட்டு, சிதம்பரத்துல நான் டீ குடிக்கிற கடையில பாத்தானுங்க. ஒன் மூஞ்சியப் பாத்ததும் எனக்கு டீ எறங்கல." அப்புறம் சட்டையைக் கழற்றி லாரியில் போட்டுவிட்டு, விற்பனை மேலாளர், பனியனோடு மூட்டை இறக்க ஆரம்பித்துவிட்டான். அத்தனை வருடத்தில் அவன் ஒரு மூட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு முதலாளி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வும் இல்லை. விதை எண்ணுகிறவர்களே தாளில் கையெழுத்துப் போடவேண்டும், அதற்குக் கீழேதான் மேலதிகாரி கையெழுத்து என்று ஒரு வழக்கம் லேபில் வந்தது. நீங்கள் இன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டே போடுகிறீர்களே, அந்தக் கையெழுத்து அப்படி வந்ததுதான். முதுநகர்ப் பெண்ணின் வேலை அந்தத் தீபாவளிக்குள் நிரந்தரமானது. மைக்கில் கத்தியதால் கம்பெனி மூழ்கிவிடும் என்று நினைத்தோம், மூழ்கவில்லை. கத்தியதால் புகழ் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. இரண்டு வருடம் அந்தப் பக்கம் நான் போனால், "வந்துட்டாருப்பா மைக்கு செட்டு" என்றார்கள்.

இதையெல்லாம் நடுவில் சொல்லிவிட்டேன். இனி அந்த வியாழக்கிழமைக்கே திரும்புகிறேன், அது இன்னும் முடியவில்லை. கடைக்காரர் நோட்டில் எண்பத்து மூன்று மூட்டைக்கு நேராகக் கோடு போட்டாயிற்று. கடைசி வரி மட்டும் அப்படியே இருந்தது. தனக்கோடியம்மா வரவில்லை.

மைக் ஆட்டோ வாய்க்கால் கரையில் போகாது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு நல்ல மூட்டையை மச்சானும் நானும் மாற்றி மாற்றித் தோளில் வைத்துக்கொண்டு, முதுநகர்ப் பெண் வழி கேட்டுக்கொண்டே முன்னால் போக, கரையோடு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். ஓடினோம் என்றுதான் சொல்லவேண்டும். மச்சான் வழிநெடுக என்னைத் திட்டினான், அது ஒரு துணையாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் இரண்டு பெரிய அலுமினிய அண்டா. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உள்ளே கையை விட்டு, மேலே மிதந்த பதரை அரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூட்டை காலியாகப் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது, பச்சைச் சீட்டோடு. எல்லோரும் வெள்ளிக்கிழமை போடும்போது, கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரத் தாமதமாகும், நாற்றாவது ஒருநாள் முந்தி இருக்கட்டும் என்று அன்று காலையிலேயே ஊறப்போட்டுவிட்டார்.

நான் சொன்னேன். இந்தத் தடவை மைக் இல்லை. அந்த விதை முளைக்காது, நான்தான் கையெழுத்துப் போட்டவன், சரியாகப் பார்க்காமல் போட்டுவிட்டேன், எண்ணி நசுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தது இந்தப் பெண்தான், மன்னித்துவிடுங்கள் அம்மா என்றேன்.

அவர் அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"காலையிலதான சாமி கும்புட்டுப் போட்டேன்" என்றார். "இந்த நெலத்த வாங்க நான் யாரு யாரு கால்லல்லாம் வுழுந்தேன் தெரியுமா ஒனக்கு?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். புது மூட்டையை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். இன்றைக்கே ஊறப்போட்டுவிடலாம், அரை நாள்தான் தாமதம், எதுவும் கெட்டுப்போகாது என்று வேகவேகமாகச் சொன்னேன்.

"இது முளைக்குமா?" என்று கேட்டார்.

"முளைக்கும்மா! நான் சொல்றேன், கண்டிப்பா முளைக்கும்" என்றேன்.

அவர் முகம் என் பக்கமே திரும்பவில்லை. "ஒன்னக் கேக்கல" என்றார். என் பின்னால் நின்ற முதுநகர்ப் பெண்ணைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. இத யாரு எண்ணிப் பாத்தது?"

"நாந்தாங்க எண்ணினேன். நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு முளைச்சுது."

"மீதி எட்டு?"

"ஆறு செத்துது. ரெண்டு கெட்டியா இருந்துச்சு, என்னான்னு எனக்குத் தெரியலங்க."

தனக்கோடியம்மா எழுந்து, ஊறிக்கொண்டிருந்த இரண்டு அண்டாவையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து வாய்க்காலில் கொட்டினார்.

"அப்ப நீயே மூட்டையப் பிரிச்சுப் போடும்மா" என்றார்.